மவுண்ட்டுக்கு அடியில் ஒரு கல்யாணம்

“ஒரு கல்யாணமே காணாம போச்சு மேடம்,” என்றார் ஜெபகுமார்.

தீபலட்சுமி இதுவரை தேடிப் பிடித்துக் கொடுத்ததில் பூனை உண்டு, புல்லட் வண்டி உண்டு, நிச்சயதார்த்தத்தன்று பின்வாசல் வழியாக நழுவிய மாப்பிள்ளைகூட உண்டு. முழுசாக ஒரு கல்யாணத்தைத் தேடச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

“பொண்ணு, மாப்ள?”

“அவங்க நல்லாத்தான் இருக்காங்க. போட்டோ, வீடியோ ஒண்ணுமே இல்ல.”

“அப்ப கல்யாணத்துக்கு ஒண்ணும் இல்ல சார். ஸ்டூடியோவுக்குத்தான் ஒடம்பு சரியில்ல,” என்றான் மாரி.

மாரி அவளுடைய உதவியாளன். ஸ்கூட்டரும் ஓட்டுவான், வாயும் ஓட்டுவான். இரண்டுக்கும் பிரேக் கொஞ்சம் வீக். ஸ்கூட்டருக்கு இப்போது ஜரிகை வைத்த மெரூன் கலரில் பளபளவென்று ஒரு சீட் கவர் வேறு. “எங்கடா வாங்கின?” என்று காலையில் கேட்டதற்கு, “கெடச்சுது க்கா” என்று சொல்லிவிட்டு, எதிரே யாருமே இல்லாத ரோட்டில் ஹாரன் அடித்தான்.

தீபலட்சுமி முன்பு கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைக் கட்டி மேய்த்தவள். அதை விட்டுவிட்டுச் சேலையூரில் மாடி ஏறி ஒரு போர்டு மாட்டினாள்: ‘துப்பறிதல், சர்வர் பராமரிப்பு.’ இரண்டும் எப்படி ஒரே போர்டில் வரும் என்று கேட்காத ஆள் இல்லை. அவளுக்கு இரண்டும் ஒரே வேலைதான். மனிதன் பொய் சொன்னால் மிஷினைக் கேட்பாள்; மிஷின் பொய் சொன்னால் மனிதனைக் கேட்பாள்.

ஜெபகுமாரின் ஸ்டூடியோ ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்தது. மூலையில் ஒரு மேஜை. அதன் மேல் பழைய சி.பி.யு. ஒன்று ‘உர்ர்’ என்று உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் செங்கல் மாதிரி ஒரு வெளி டிஸ்க். படங்களைச் சேர்த்து வைக்கிற சர்வர் என்றால் இவ்வளவுதான். உள்ளே ஓடுவது விண்டோஸ் இல்லை, யூனிக்ஸ்.

“யாரோட கல்யாணம் சார்?”

“ஏஞ்சல்னு ஒரு பொண்ணு மேடம். போன வாரம் முடிச்சூர் ரோட்டு மண்டபத்துல ரிசப்ஷன். பொண்ணோட அம்மா பேரு அம்மணி. அவங்க கோபப்பட்டா மைக்கே வேணாம்.”

மாரிக்குத் திடீரென்று புரை ஏறியது. “அங்க பிரெட் அல்வா நல்லா இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, கூரையில் என்னமோ எழுதியிருப்பது போல் மேலே பார்த்தான். தீபலட்சுமியின் காதில் அது விழுந்தது. மனதில் விழவில்லை.

“ஆல்பம் லேட்டாகும்னு சொல்லிச் சமாளிங்களேன்.”

“அங்கதான் மேடம் வில்லங்கமே. மாப்ளயோட தாய்மாமன் சுவிசேஷமுத்துன்னு ஒருத்தர். மேடைல தனக்குப் பொன்னாடை போடலன்னு மூஞ்சிய தூக்கி வெச்சிருக்காரு. போட்டோம்னு அம்மணியம்மா சத்தியம் பண்றாங்க. இன்னிக்கு சாயங்காலம் பொண்ணு வீட்டுல விருந்து. ‘போட்டதுக்கு போட்டோ காட்டு, வரேன்’ங்கறாரு மாமன். மாமன் இல்லாம நாங்களும் வரலன்னு மாப்ள வீடு மொத்தமும் நிக்குது. எல்லாம் இந்தத் திருட்டுப் பயலால.”

“எந்தப் பயல்?”

ஜெபகுமார் தன் போனை நீட்டினார். தாம்பரம் வட்டாரப் போட்டோகிராபர்களின் வாட்ஸப் குரூப். அனுப்புவதற்கு ஒரு செய்தி தயாராக இருந்தது: ‘அசார் என்கிற திருடன் என் ஸ்டூடியோவில் புகுந்து கல்யாணப் படங்களை அழித்துவிட்டான். இவனை யாரும் வேலைக்குக் கூப்பிட வேண்டாம்.’ அவர் கட்டை விரல் அதற்கு மேலே கொக்கு மாதிரி நின்றது.

அசார் இங்கே வேலை பார்த்தவன். இந்தச் சர்வரை உட்கார்ந்து கட்டிக் கொடுத்ததும் அவன்தான். இப்போதுதான் கேளம்பாக்கத்தில் சொந்தமாக ஒரு ஸ்டூடியோ திறந்திருக்கிறான். ஒரு போட்டோகிராபர் இன்னொருவருக்கு ஆர்டர் கைமாற்றி விடுவதெல்லாம் இந்தக் குரூப்பில்தான். அந்தச் செய்தி மட்டும் போனால், கடையின் ரிப்பன் காயும் முன்பே அவன் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

“சாட்சி இருக்கா சார்?”

“அவன் வாயாலயே சொன்னான் மேடம். நேத்து போன்ல கேட்டேன், ‘ஏஞ்சல் கல்யாணம் எங்கடா’ன்னு. கூலா சொல்றான், ‘மவுண்ட்ல பாருங்கண்ணா’ன்னு. அவன் வீடு எங்க? பரங்கிமலைல! மவுண்ட்ல! வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டு, முடிஞ்சா வந்து எடுத்துக்கோன்னு சவால் விடறான்!”

தீபலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

“சார், யூனிக்ஸ்லயும் ஒரு மவுண்ட் இருக்கு. வெளி டிஸ்க்க சும்மா சொருகினா போதாது. உள்ள ஒரு வெறும் ஃபோல்டர் இருக்கும். அது மேல டிஸ்க்க ஏத்தி உக்கார வைக்கணும். அதுக்குப் பேர்தான் மவுண்ட். உங்களுக்கு ‘படம்’னு ஒரு ஃபோல்டர் இருக்குல்ல? அது வழியா போனா டிஸ்க்குக்குள்ள போயிடலாம். அதைத்தான் அசார் சொல்லியிருக்கான்.”

ஜெபகுமாரின் முகம் ஒரு சுற்று சிறுத்தது. கேஸ் முடிந்தது என்று மாரி பையைத் தூக்கினான். ஏனோ அவனுக்கு இன்று அவசரம்.

ஆனால் கேஸ் முடியவில்லை. தீபலட்சுமி கீபோர்டில் தட்டிப் பார்த்தாள். டிஸ்க் ஒழுங்காக மவுண்ட் ஆகி உட்கார்ந்திருந்தது. ‘படம்’ ஃபோல்டருக்குள் காதுகுத்து இருந்தது, ஞானஸ்நானம் இருந்தது, ஊர்ப்பட்ட கல்யாணம் இருந்தது. ஏஞ்சலின் கல்யாணம் மட்டும் இல்லை.

“பாத்தீங்களா!” ஜெபகுமாரின் விரல் மறுபடி கொக்கானது.

“அந்த விரல சாயங்காலம் வரைக்கும் பாக்கெட்ல வைங்க. கேமரா கார்டு எங்க?”

“அதை அன்னிக்கே அழிச்சிட்டேன் மேடம். மறுநாள் வேற ஷூட்டிங். கார்ட சொருகினேன், ‘காப்பி முடிந்தது’ன்னு வந்துச்சு, அழிச்சேன்.”

“முடிஞ்சுதுன்னு அது சொல்லிச்சு. எங்க முடிஞ்சுதுன்னு நீங்க கேட்டீங்களா?”

“மிஷின்கிட்ட போய் அதெல்லாம் கேப்பாங்களா?”

“மிஷின்கிட்டதான் சார் கேக்கணும். ஃபோல்டரத் தெறந்து நாலு படத்தப் பாக்காம கார்ட அழிக்கறது, வண்டி நிக்கறதுக்குள்ள எறங்கற மாதிரி.”

அவர் அசடு வழிந்துகொண்டே சி.பி.யு. பக்கம் கையைக் கொண்டு போனார். “ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கவா?”

“தொடாதீங்க! கொலை நடந்த ரூமுக்குப் போனா மொதல்ல வெளக்குமாத்த எடுப்பீங்களா? ஏதாச்சும் காணாமப் போனா ஆஃப் பண்ணவும் கூடாது, புதுசா எதையும் உள்ள காப்பி பண்ணவும் கூடாது. இருந்த எடத்துல அப்படியே விடணும்.”

அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை அவள் கண்ணில் பட்டது. சர்வரின் உள் டிஸ்கில் இடம் இல்லையாம். அது யூனிக்ஸ் குடியிருக்கிற சின்ன டிஸ்க். அதில் படங்களுக்கு வேலையே இல்லை. அவள் ஒவ்வொரு ஃபோல்டரும் எவ்வளவு தின்கிறது என்று கேட்டுக் கூட்டிப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை.

“விசித்திரமா இருக்குடா மாரி. டிஸ்க்கக் கேட்டா ஃபுல்லுங்குது. ஃபோல்டர் ஃபோல்டரா எண்ணினா ஆளக் காணோம். மண்டபம் ஃபுல்லுன்னு வாசல்ல போர்டு, உள்ள வந்து பாத்தா பாதி நாற்காலி காலி.”

“அதுல இன்னாக்கா விசித்திரம்? மீதிப் பேரு கீழ பந்தில இருப்பாங்க.”

தீபலட்சுமி அவனை முறைத்தாள். அந்த வாக்கியம் அவள் தலைக்குள் எங்கோ ஒரு முள் மாதிரி மாட்டிக்கொண்டது. எழுந்திருக்கும்போது மேஜை விரிப்பையும் பார்த்தாள். சர்வருக்குப் பக்கத்தில் விரிப்பு பழுப்பாகக் கருகியிருந்தது. கூரான மூக்கு, அகலமான அடி, படகு மாதிரி ஒரு அச்சு.

“வாடா. அசாரை நேர்ல பாத்துடலாம். எந்த மவுண்ட்டுன்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்.”

*

குரோம்பேட்டை டிராபிக்கில் மாரி வாயைத் திறக்கவில்லை. அதுவே தனியாக ஒரு கேஸ்தான். பல்லாவரம் தாண்டும்போதுதான் பேசினான்.

“அக்கா, ஒருவேள அந்த போட்டோ கெடைக்காமலே இருந்தா நல்லதோ?”

“ஏண்டா?”

“இல்ல... பழசைக் கெளறினா பேஜாரு. மாமன் ரெண்டு நாள் மொறச்சிட்டு மூணாம் நாள் பிரியாணிக்கு வந்துடுவாரு.”

“அதுக்குள்ள அசார் கடை மூடிடும்டா.”

மாரி கண்ணாடியில் தன் முகத்தையே ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

பரங்கிமலை ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கும் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கே வரச் சொல்லியிருந்த அசாருக்குத் தீபலட்சுமி போன் போட்டாள்.

“அசார், நான் மவுண்ட் ஸ்டேஷன்ல நிக்கறேன். எங்க இருக்கீங்க?”

“நானும் மவுண்ட் ஸ்டேஷன்லதான் மேடம் நிக்கறேன். டிக்கெட் கவுன்டர் கிட்ட.”

“நானும் டிக்கெட் கவுன்டர் கிட்டதான்.”

“பச்ச சட்டை மேடம்.”

“இங்க பச்ச சட்டைல யாருமே இல்லையே.”

“நான் இருக்கேன் மேடம்! கை ஆட்டறேன் பாருங்க.”

“யாரும் கை ஆட்டல.”

“ஆவியா இருக்கப் போறான் க்கா,” என்றான் மாரி. “ஸ்டூடியோக்குள்ள பூந்து போட்டோ அழிச்சிட்டு, செவுத்துக்குள்ள பூந்து இங்க வந்துட்டான்.”

அப்போது தலைக்கு மேல் தடதடவென்று சத்தம். தீபலட்சுமி அண்ணாந்து பார்த்தாள். மேலே மெட்ரோ. அதுவும் மவுண்ட் ஸ்டேஷன்தான். அதற்கும் டிக்கெட் கவுன்டர் உண்டு. அசார் மாடியில் நின்று கையாட்டிக்கொண்டிருக்கிறான். அவள் கீழே நின்று இல்லை என்று சத்தியம் பண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரே பேர், ஒரே இடம், ஒன்றின் மேல் ஒன்று.

முள் குத்தியது. மீதிப் பேர் கீழே பந்தியில் இருப்பார்கள்.

“மாரி!” அவள் போட்ட சத்தத்தில் வடை தின்றுகொண்டிருந்த ஒருவர் வடையைக் கீழே போட்டார். “கல்யாணம் எங்கயும் போகல. மவுண்ட்டுக்கு அடியிலயே இருக்கு!”

பச்சைச் சட்டை எஸ்கலேட்டரில் இறங்கி வந்தது. இளைஞன், தாடி, தூங்காத கண்கள். “மேடம், அண்ணன் குரூப்ல போட்டுட்டாரா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் வார்த்தை.

“இன்னும் இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த டிஸ்க் மவுண்ட் ஆகாதப்ப யாராச்சும் கார்ட சொருகினா என்ன ஆகும்?”

அசார் தலையில் கை வைத்துக்கொண்டான். “ஐயோ, டிஸ்க் ஏறியிருக்கான்னு செக் பண்ற ஒரு வரி எழுதணும்னு நெனச்சிட்டே இருந்தேன் மேடம்...”

*

திரும்பி வந்தபோது ஸ்டூடியோவில் கூட்டம். பட்டுப்புடவையில் அம்மணி நடுவில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், கைகளை மார்பில் கட்டி, மீசையை மட்டும் முன்னால் அனுப்பியிருந்த பெரியவர்தான் சுவிசேஷமுத்து.

“தம்பி, சம்பந்திய கையோட இட்டாந்துட்டேன். சால்வ போட்ட படத்தக் காட்டு. இல்லன்னா உன்னையே போட்டோ எடுக்க வெப்பேன், ஆஸ்பத்திரில, எக்ஸ்ரே!” என்றாள் அம்மணி.

“போடல,” என்றார் சுவிசேஷமுத்து. அவ்வளவுதான் பேசினார்.

ஜெபகுமார் அசாரைப் பார்த்ததும் பாய்ந்தார். தீபலட்சுமி குறுக்கே நின்றாள்.

“சார், கல்யாணத்தன்னிக்கு ராத்திரி இங்க வந்து துணி அயர்ன் பண்ணினீங்களா?”

“ஆமா... மறுநாள் ஷூட்டிங்குக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவள் மேஜை விரிப்பில் இருந்த படகு அச்சைக் காட்டினாள். “அயர்ன் பாக்ஸ் ஒயர் எட்டற தூரத்துல இருக்கறது ஒரே பிளக்குதான். டிஸ்க்கோட பிளக்கு. அதைப் புடுங்கிட்டு அயர்ன் பாக்ஸ சொருகினீங்க. டிஸ்க் எறங்கிப் போச்சு. ‘படம்’ ஃபோல்டர் வெறும் ஃபோல்டரா நின்னுச்சு. அப்ப கார்ட சொருகினீங்க. சர்வர் என்ன பண்ணும் பாவம்? எசமான் சொன்ன ஃபோல்டர்ல கொட்டிச்சு. அது டிஸ்க்குக்குப் போகல, உள்ள இருக்கற சின்ன டிஸ்க்குலயே விழுந்துச்சு. அதான் ‘எடம் இல்ல எடம் இல்ல’ன்னு அது அழுவுது. மறுநாள் பிளக்க திரும்பச் சொருகி, சர்வர ஆன் பண்ணினீங்க. டிஸ்க் வந்து அதே ஃபோல்டர் மேல ஜம்முனு ஏறி உக்காந்துச்சு. கீழ இருக்கற கல்யாணம் மறைஞ்சு போச்சு.”

“அப்ப கீழ இருக்கறத எப்படிப் பாக்கறது?” என்றார் ஜெபகுமார்.

“மேல உக்காந்திருக்கறத எறக்கி விடணும். அன்மவுண்ட்.”

அவள் கட்டளையைத் தட்டினாள். சர்வர் முடியாது என்றது. டிஸ்க் பிஸியாம்.

“யார் சார் அந்த ஃபோல்டருக்குள்ள உக்காந்துகிட்டு இருக்கறது?”

ஜெபகுமார் நெளிந்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் அவர் ‘படம்’ ஃபோல்டரைத் திறந்து வைத்து, அசார் அழித்ததற்கு ஆதாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“நீங்க எழுந்து வெளிய வந்தாதான் அது எறங்கும். உக்காந்திருக்கறவங்கள அது தள்ளிவிடாது, யூனிக்ஸுக்கு மரியாத தெரியும்.”

அவர் மூடினார். அவள் மறுபடி தட்டினாள். டிஸ்க் இறங்கியது. வெறுமையாக இருக்க வேண்டிய ஃபோல்டருக்குள் ஒரே ஒரு பெயர் மின்னியது: ஏஞ்சல்.

அம்மணி குலவையே போட்டுவிட்டாள். “போட்டோ! சால்வ போட்டோவ எடு!”

“மொதல்ல ரெண்டு எடத்துல காப்பி. அப்புறம்தான் போட்டோ,” என்றாள் தீபலட்சுமி. “ஒரே எடத்துல இருந்தா அது இருக்குன்னு அர்த்தம் இல்ல.”

“நிதானமா பண்ணுங்க க்கா, அவசரமே இல்ல,” என்று வாசலருகே இருந்து ஆமோதித்தான் மாரி. அவன் எப்போது வாசல் வரை போனான் என்று யாரும் கவனிக்கவில்லை.

காப்பி முடிந்தது. முடிந்ததா என்று திறந்தும் பார்த்தாயிற்று. ஜெபகுமார் போனை எடுத்தார். கொக்கு தலை குனிந்திருந்தது. “அசாரு... மன்னிச்சிக்கடா. இப்பவே அழிச்சிடறேன்.”

“பரவால்லண்ணா. பிளக்கு மேல ஒரு டேப்ப ஒட்டி ‘தொடாதே’ன்னு எழுதுங்க. நான் ரெண்டு வேல பண்ணிடறேன். வெறும் ஃபோல்டர பூட்டி வெக்கறேன். டிஸ்க் ஏறலன்னா கார்டையே வாங்காம கத்தற மாதிரி அந்த ஒரு வரியையும் எழுதிடறேன்.”

“மேடைப் படம் வந்துடுச்சு!” என்றாள் அம்மணி.

திரையில் மேடை. பூ அலங்காரம். மைக் பிடித்த ஆள் ஒருவர். ஏஞ்சலின் அப்பா இரண்டு கையாலும் ஜரிகை வைத்த மெரூன் பொன்னாடையை விரித்து, குனிந்து நிற்கும் ஒரு மனிதரின் தோளில் போடுகிறார். அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்து, பல் முப்பத்திரண்டும் தெரிய, சபையை வணங்குகிறார். அவரது மற்றொரு கையில் பிரெட் அல்வா கப்.

சுவிசேஷமுத்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மீசையை ஒரு தடவை நீவினார்.

“நான் அப்பவே சொன்னேன்.”

“யாரு இவன்? எங்க ஆளும் இல்ல, உங்க ஆளும் இல்ல!” அம்மணியின் குரல் கீழே பேக்கரி வரை போனது.

தீபலட்சுமி மெதுவாக வாசல் பக்கம் திரும்பினாள். பிரெட் அல்வா. கெடச்சுது க்கா. பழசைக் கெளறினா பேஜாரு. காதில் விழுந்ததெல்லாம் இப்போது வரிசையாக மனதில் வந்து விழுந்தது.

“மாரி.”

“நான் சும்மா வாசன புடிச்சிகினு உள்ள போனேன் க்கா! தண்ணி எங்கன்னு கேக்கக் கைய தூக்கினேன். மைக்குல ‘தாய்மாமன் எங்கே’ன்னு கத்திகினு இருந்தாங்க. ‘இதோ இதோ’ன்னு மேல தள்ளிவுட்டாங்க. சபையில வேணாம்னு சொன்னா அவங்களுக்கு மரியாதயா இருக்குமா, நீயே சொல்லு?”

“நெஜ மாமன் அப்ப எங்க இருந்தாரு?”

சுவிசேஷமுத்துவின் மீசை முதல் தடவையாகப் பின்வாங்கியது. “கீழ... மொதப் பந்தில.”

அம்மணிதான் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகு பெரியவராலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. “சாயங்காலம் அதே சால்வய எனக்குப் போடணும். இவன் கையாலயே போடணும்,” என்று தீர்ப்புச் சொன்னார். ஜெபகுமார் கேமராவை எடுத்தார்.

அசார் அவர் கையில் இருந்த போனை எட்டிப் பார்த்தான். ‘என்கிற திருடன்’ இன்னும் அப்படியே இருந்தது.

“அண்ணா, மெசேஜ அழிக்காதீங்க. பேர மட்டும் மாத்துங்க.”

தீபலட்சுமி படியிறங்கிப் போய்ப் பார்த்தபோது, மாரி ஸ்கூட்டரில் ஏறி சாவியைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடியில் ஜரிகை மின்னியது.

“அக்கா, கோவத்த வுடு. ஒரு டவுட்டு. அந்த அன்மவுண்ட்டுன்னா சரியா இன்னா?”

“நீ இப்ப அந்தச் சால்வ மேல இருந்து எழுந்திரிக்கற பாரு,” என்றாள் தீபலட்சுமி, “அதான்.”